மூன்றாம் இழுப்பறை

படிவம் சமையலறையில், மூன்றாம் இழுப்பறையில் இருக்கிறது.
துருப்பிடித்த ஸ்டேப்ளர், தீர்ந்துபோன பேட்டரிகள்,
யாருடையதென்று தெரியாத ஓர் ஒற்றைக் கையுறை,
அதற்கும் கீழே.
பதினோரு வருடமாக.
அதன் தலைப்பிலிருக்கும் சின்னம்கூட
இப்போது எந்த வண்டியிலும் இல்லை.

நான் விஸ்மா.
ரீகா நகரத்து டிராலிபஸ் பணிமனையில்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும் என்று சொல்கிறவள்.
தாமதமானால் காரணம் கேட்பதும் நான்தான்.
சிரிக்காதீர்கள்.

ஓட்டுநர் பயிற்சிக்கு எழுதிப்போட வேண்டும்,
இரண்டே பக்கம்.
அதற்கென்று உட்காரும் ஞாயிற்றுக்கிழமைகளில்
வீடு பளபளக்கும்.
அடுப்பின் கரியைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன்.
ஜன்னல் இடுக்கைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்திருக்கிறேன்.
ஒருமுறை பேனா சரியில்லை என்று கடைக்குப் போய்
பேனாவோடு ஒரு பூந்தொட்டியும் வாங்கிவந்து
அதற்கு இடம் தேடுவதற்குள் இருட்டிவிட்டது.
டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே இருட்டும்.
அதையும் என் காரணங்களில் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் மொழியில் நாளைக்கு 'ரீட்' என்று பெயர்.
விழுங்குவதற்கும் அதே சொல்தான்.
பள்ளியில் யாரும் சுட்டிக்காட்டவில்லை.
நாற்பத்தாறு வயதில்
பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள்ளை நாக்கு கண்டுபிடிப்பதுபோல்
நானே கண்டுபிடித்தேன்.

சோம்பேறி என்று என்னை ஒருவரும் சொல்லமுடியாது.
விடியுமுன் நாலு மணிக்கு எழுகிறவள்.
பயந்தவள் என்றும் சொல்ல விடமாட்டேன்.
ஆனால்
படிவம் இழுப்பறையில் கிடக்கும்வரை
நான் அருமையான ஓட்டுநர்.
ஒரு தேர்விலும் தோற்காதவள்.

உற்சாகம் என்றொரு விருந்தாளி வருமென்று
குளித்துத் தலைசீவி
நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தேன்.
காபி ஆறியது.
நானே குடித்தேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். சொதசொதவென்று பனி.
வீடு திரும்பும் வண்டியில் நின்றபடி வருகிறேன்.
பாலம் தாண்டிய வளைவில் கூரைமேல் டமாரென்று சத்தம்.
விளக்குகள் அணைந்தன.
இரண்டு கொம்புகளும் மின்கம்பியை விட்டு நழுவி
வானத்தில் துழாவிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் தாலிவால்டிஸ் இறங்கும்போதே என்னைப் பார்த்துவிட்டார்.
"தினமும் தாமதத்துக்குக் காரணம் கேட்பாயே, விஸ்மா!
இதோ காரணம். வந்து ஒரு கயிற்றைப் பிடி."

தொப்பிகூட இல்லாமல் இறங்கினேன்.
நனைந்த கயிறு கையுறையைத் தாண்டிக் கடித்தது.
மேலே கம்பி, அது பாட்டுக்கு, இருந்த இடத்திலேயே.
முதல்முறை தவறியது.
இரண்டாம்முறை கொம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது.
நாற்பது மூக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்க
மூன்றாவதும் தவறியது.
தாலிவால்டிஸ் தன்னுடையதை மாட்டி முடித்து
கொட்டாவி விட்டபடி நின்றார்.
நான்காவதிலா ஐந்தாவதிலா, எண்ணவில்லை,
ஒரு நீலப் பொறி.

விளக்குகள் வந்தன. யாரும் கைதட்டவில்லை.
"கதவைச் சாத்துங்கள், குளிர்" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றவில்லை.
கழற்றினால் அடுப்பு கண்ணில் படும்.
இழுப்பறை பாதியில் சிக்கியது; முழங்காலால் ஒரு இடி.
பெயர் எழுதினேன்.
கயிற்று அழுக்கு, கட்டைவிரல் அளவுக்கு, காகிதத்தில் அப்பியது.
'பழைய படிவம்தானே, போதாததற்குக் கறை வேறு,
புதிதாய் ஒன்று வாங்கி நாளைக்கு...'
எனக்குள்ளே ஒரு குரல், தேன் தடவி.
செல்லாதென்றால் அவர்கள் சொல்லட்டும்.
பிறந்த தேதி. முகவரி.

நான்காவது வரி: ரத்த வகை.
தெரியவில்லை.

பேனாவை வைத்தேன். எழுந்தேன்.
அடுப்பைப் பார்த்தேன்,
அது என்னைப் பார்த்தது.
உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வரி.